பாட்டிலில் 5 லிட்டர், தராசில் 3 கிலோ: லிப்போசக்‌ஷன் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில், தோலடிக் கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்‌ஷன் பற்றியவற்றைத் தனியே பிரித்து எடுத்தோம். பிளாஸ்டிக் சர்ஜரி, மயக்கவியல் துறை மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

வயது 34, உயரம் 170 செ.மீ., எடை 92 கிலோ. ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பதால் தொப்பை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறதாம். தை மாதம் கல்யாணம். அதற்குள் லிப்போசக்‌ஷன் செய்தால் 15 கிலோ குறையுமா? சர்க்கரையும் இறங்கிவிடும் என்கிறான் நண்பன்.
– வாசகர், வேளச்சேரி

15 கிலோவும் குறையாது, சர்க்கரையும் இறங்காது.

கணக்கைப் பாருங்கள். ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சினால் அது 'பெரிய அளவு' லிப்போசக்‌ஷன். முழு வசதியுள்ள மருத்துவமனையில் செய்து, இரவு தங்க வைத்துக் கண்காணிக்க வேண்டும். பெரும்பாலான மருத்துவர்கள் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்வார்கள். அந்த 5 லிட்டரும் கொழுப்பு அல்ல. நாங்கள் உள்ளே செலுத்திய மருந்து நீரும் கொஞ்சம் ரத்தமும் அதில் கலந்திருக்கும். பாட்டிலைச் சற்று நேரம் அசைக்காமல் வைத்தால் நீர் அடியில் தங்கி, கொழுப்பு மேலே மஞ்சளாக மிதக்கும். அது மூன்று, மூன்றரை லிட்டர் தேறும். ஒரு லிட்டர் கொழுப்பின் எடை சுமார் 900 கிராம். ஆக, தராசில் மூன்று கிலோ. முதல் வாரம் வீக்கம் இருப்பதால் எடை கூடிக்கூடக் காட்டும்.

அடுத்து, உங்கள் தொப்பை எந்த வகை என்று பார்க்க வேண்டும். நேராக நின்று தொப்புளுக்குப் பக்கத்தில் விரல்களால் கொத்தாகப் பிடித்துப் பாருங்கள். கைக்குள் சிக்குவது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. கேனுலா என்கிற குழாய் அதை மட்டும்தான் எட்டும். கைக்குச் சிக்காமல், மல்லாந்து படுத்தாலும் பானை மாதிரி உருண்டே நிற்கிறது என்றால் கொழுப்பு வயிற்றுத் தசைச்சுவருக்கு உள்ளே குடலைச் சுற்றி இருக்கிறது. அங்கே கேனுலா போகக் கூடாது. போனால் அது விபத்து. பெண்களைவிட ஆண்களின் தொப்பையில் இந்த உள்கொழுப்பு அதிகம். சர்க்கரை, பிரஷர், கொலஸ்டிரால் மூன்றையும் கெடுப்பதும் இதுவே.

நண்பர் சொன்னதை ஏற்கெனவே சோதித்துப் பார்த்தாயிற்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உடல் பருமனான 15 பெண்களுக்கு, ஆய்வுக்கென்றே வழக்கத்தைவிட மிக அதிகமாக, ஏறக்குறைய 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் விதம், ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு எதிலும் சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை. 2004இல் வெளியான ஆய்வு இது. நடந்தும் சாப்பாட்டைக் குறைத்தும் இழக்கும் கொழுப்பு உள்ளிருந்தும் கரையும்; குழாய் வழியே போவது தோலடியிலிருந்து மட்டும் போகிறது.

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) கிட்டத்தட்ட 32. இந்தியர்களுக்கு 25 தாண்டினாலே பருமன் என்று கொள்கிறோம். முதலில் எடையைக் குறையுங்கள். குறைந்த எடை ஆறு மாதம் நிலையாக நின்று, அப்போதும் இடுப்பின் இரண்டு பக்கமும் மட்டும் 'டயர்' கரையாமல் இருந்தால் வாருங்கள். லிப்போசக்‌ஷன் அதற்காகவே இருக்கிறது. தை முகூர்த்தத்துக்கு இது உதவாது. வீக்கம் வடிந்து உருவம் தெரியவே மூன்று மாதம் ஆகும்.

உள்ளே என்னதான் செய்கிறார்கள்? முழு மயக்கம் கொடுப்பார்களா? படிப்படியாகச் சொல்லுங்கள்.
– வாசகி, பெரம்பூர்

முதல் வேலை பேனாவால் கோடு போடுவது. உங்களை நிற்க வைத்துத்தான் போடுவோம். படுத்தால் கொழுப்பு பக்கவாட்டில் சரிந்து இடம் மாறிவிடும். நில அளவை வரைபடத்தில் மேட்டை வளையம் வளையமாகக் காட்டுவது போல, மேடு எங்கே உச்சம், எங்கே சரிகிறது என்று வரைவோம். தொடக்கூடாத இடங்களையும் குறிப்போம். பிட்டத்துக்குக் கீழே மடிப்பு விழும் இடம், தொடையின் வெளிப்பக்கம் முழங்காலுக்குச் சற்று மேலே உள்ள பகுதி போன்றவற்றில் தோல் அடியோடு ஒட்டியிருக்கும். அங்கே உறிஞ்சினால் பள்ளம் விழும், நிரப்புவது கடினம்.

அடுத்தது மருந்து நீர். இந்தச் சிகிச்சையின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் சலைனில் 500 முதல் 1000 மில்லிகிராம் வரை லிடோகைன் (மரத்துப்போகும் மருந்து), 1 மில்லிகிராம் அட்ரினலின், எரிச்சலைக் குறைக்க 10 மில்லிஈக்விவலென்ட் சோடியம் பைகார்பனேட். இதைத் தோலடிக் கொழுப்புக்குள் மெல்ல ஏற்றுவோம். இடம் வீங்கி, கெட்டியாகி, தோல் வெளுக்கும். பிறகு 15 முதல் 20 நிமிடம் எதுவும் செய்யாமல் காத்திருக்க வேண்டும். அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு இந்தக் காத்திருப்பைச் சுருக்கினால் ரத்தம் வரும். வெளுத்த இடம், வெளுக்காத இடம் என்று கண்ணுக்கே தெரியும்.

இந்த நீர் வருவதற்கு முன் நிலைமை வேறு. 1920களில் பாரிஸில் ஒரு நடனக்காரியின் காலைச் சுரண்டிக் கொழுப்பெடுக்கப் போய், ரத்தக்குழாய் அறுபட்டுக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. பல பத்தாண்டு யாரும் கிட்டே போகவில்லை. 1970களில் ரோமில் மருத்துவர்களான ஃபிஷர் தந்தையும் மகனும், பாரிஸில் மருத்துவர் இலூஸும் குழாய் வைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். அப்போதும் நீர் ஏற்றாமல் உறிஞ்சியபோது, வெளியே வந்ததில் 20 முதல் 45 சதவீதம் வரை ரத்தமாக இருந்தது. கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987இல் மேலே சொன்ன நீர்க்கலவையை வெளியிட்ட பிறகு அது ஏறத்தாழ 1 சதவீதத்துக்கு இறங்கியது. இதைத்தான் டியூமசென்ட் முறை என்கிறோம்.

லிடோகைன் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். அட்ரினலினுடன் சேர்த்துச் சாதாரணமாகக் கொடுக்கும்போது உச்ச அளவு கிலோ எடைக்கு 7 மில்லிகிராம். டியூமசென்ட் முறையில் 35 வரை போகலாம். மிகவும் நீர்த்த மருந்து, ரத்த ஓட்டம் குறைந்த கொழுப்பு, சுருங்கிய குழாய்கள் எல்லாம் சேர்ந்து மருந்தை மிக மெதுவாகத்தான் ரத்தத்துக்குள் விடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 35 பெருக்கினால் 2100 மில்லிகிராம். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் கலந்திருந்தால் இரண்டு லிட்டர் நீரிலேயே வரம்பு வந்துவிடும். 500 கலந்திருந்தால் நான்கு லிட்டர் வரை போகலாம். வயிறு, இடுப்பு, தொடை, கை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், இந்தக் கணக்கு எங்கே போய் முட்டுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மெதுவாகக் கசிவதில் ஒரு வினையும் உண்டு. ரத்தத்தில் லிடோகைன் உச்சத்தை எட்டுவது 8 முதல் 16 மணி நேரம் கழித்து. காலையில் சிகிச்சை முடிந்து மாலையில் வீட்டுக்கு வந்தவருக்கு அந்த நேரம் தூக்கத்தில் வரும்.

பிறகுதான் குழாய். தொப்புளுக்குள், அடிவயிற்று மடிப்பில் என மறைவான இடங்களில் நாலைந்து மில்லிமீட்டர் துளை. அதன் வழியே 3 அல்லது 4 மி.மீ. தடிமனுள்ள, முனை மழுங்கிய, பக்கவாட்டில் ஓட்டைகள் கொண்ட கேனுலா போகும். வலது கை குழாயை முன்னும் பின்னும் விசிறி விரிவது போல நகர்த்தும். இடது கை தோல் மேலேயே இருந்து, முனை எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த இடது கைதான் கண். ஆழமான அடுக்கில் முதலில், பிறகு நடு அடுக்கில். தோலுக்கு நேர் அடியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் கொழுப்பை விட்டுவைக்க வேண்டும். ஆசைப்பட்டு அதையும் சுரண்டினால் தோல் அலை அலையாகும், கருக்கும், சில சமயம் செத்தும் போகும். ஒரே துளையிலிருந்து இழுத்தால் கோடு விழும் என்பதால் இரண்டு துளைகளிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக இழுப்போம். குழாய் போன தடங்களுக்கு இடையே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள சவ்வுத் தூண்கள் நிற்கும். தோல் பிழைத்திருப்பது அவற்றால்தான்.

எப்போது நிறுத்துவது? மஞ்சளாக வந்தது சிவக்கத் தொடங்கினால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் கிள்ளிப் பார்த்து ஒரே தடிமன் இருந்தால் போதும். துளைகளில் ஒரு தையல் போடுவோம், அல்லது நீர் வடியட்டும் என்று சிலவற்றைத் திறந்தே விடுவோம். மேஜையிலேயே இறுக்க உடை மாட்டிவிடுவோம்.

மயக்கம்: தாடைக்குக் கீழ், கை போன்ற சிறிய இடம் என்றால் மரப்பு நீரே போதும், பேசிக்கொண்டே இருக்கலாம். வயிறும் இடுப்பும் சேர்ந்தால் பெரும்பாலும் முழு மயக்கம். அப்போதும் நீர் ஏற்றுவோம். வலிக்கு வேறு ஏற்பாடு இருப்பதால் லிடோகைனைக் குறைத்துக்கொள்வோம்.

லேசர், வேசர், நீர்ப்பீச்சு என்று விளம்பரத்துக்கு விளம்பரம் பெயர் மாறுகிறது. எது நல்லது? கத்தியே வேண்டாம், உறைய வைத்தே கரைக்கிறோம் என்பது உண்மையா?
– வாசகர், அண்ணா நகர்

வேசர் என்பது அல்ட்ராசவுண்ட் அதிர்வால் கொழுப்பைக் கலைத்துவிட்டுப் பிறகு உறிஞ்சுவது. லேசர் சூடாக்கும். 'பவர்' வகையில் கேனுலாவே அதிரும். நீர்ப்பீச்சில் நீரின் வேகம் பிரிக்கும். எதில் செய்தாலும் கலைந்த கொழுப்பைக் குழாய் வைத்துத்தான் எடுக்க வேண்டும், காற்றில் மறையாது. ஆண்களின் மார்பு, முதுகு, ஏற்கெனவே ஒருமுறை செய்து வடு கட்டிய இடம் ஆகியவற்றில் நார் அதிகம். அங்கே வேசரும் பவரும் உண்மையிலேயே கை கொடுக்கும். மெத்தென்ற வயிற்றுக்குச் சாதாரணக் கேனுலாவே போதும். சூடு உண்டாக்கும் கருவிகளில் தோல் வேகும் ஆபத்து கூடுதல். கருவியை ஒரே இடத்தில் நிறுத்தினால் உள்ளிருந்து தீப்புண் வரும்.

உறைய வைப்பது கிரையோலிப்போலைசிஸ். பொய்யல்ல. வைத்த இடத்தில் கொழுப்பின் தடிமன் 20, 25 சதவீதம் குறையலாம், இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அபூர்வமாகச் சிலருக்குக் கருவி வைத்த இடத்தில் கொழுப்பு கரையாமல், அதே வடிவில் கெட்டியாக வளர்ந்துவிடுகிறது. அதை எடுக்கக் கடைசியில் லிப்போசக்‌ஷனுக்குத்தான் வர வேண்டும்.

இரண்டு குழந்தைகள், இரண்டும் சிசேரியன். தையலுக்கு மேலே வயிறு மடிந்து தொங்குகிறது. சின்னவனுக்கு ஒன்றரை வயது, இப்போதுதான் தாய்ப்பால் நிறுத்தினேன்.
– வாசகி, கொளத்தூர்

உங்களுக்குக் கொழுப்பைவிடத் தோலும் தசையும்தான் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினால் தசைகள் விலகியிருக்கின்றன. அடுத்து, நின்றுகொண்டு முன்னால் குனியுங்கள். தோல் காலியான பை போலத் தொங்கினால், அதற்குள் இருக்கும் கொழுப்பை எடுப்பது பையை இன்னும் காலியாக்கும். தொங்கல் கூடித்தான் போகும்.

இரண்டும் இருந்தால் உங்களுக்குப் பொருத்தம் அப்டாமினோபிளாஸ்டி. உபரித் தோலை வெட்டி, விலகிய தசையைத் தைத்து இழுப்பது. இடுப்பு எலும்பிலிருந்து இடுப்பு எலும்பு வரை தழும்பு இருக்கும், சிசேரியன் கோட்டின் மட்டத்திலேயே ஒளிக்கலாம். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். பால் நிறுத்தி ஆறு மாதமாவது ஆகட்டும். எதைச் செய்தாலும் முன்னதாக வயிற்று ஸ்கேன் வேண்டும். சிசேரியன் தழும்பிலோ தொப்புளிலோ சின்னக் குடலிறக்கம் வெளியே தெரியாமல் இருக்கலாம். அது தெரியாமல் கேனுலாவை விட்டால் குடலில் ஓட்டை விழும்.

மகனுக்கு 19 வயது. மார்பு பெண்களைப் போல இருக்கிறது என்று பனியனுக்கு மேல் பனியன் போட்டுக்கொள்கிறான். கல்லூரியில் கேலி. லிப்போசக்‌ஷன் செய்யலாமா?
– ஒரு தந்தை, ஆவடி

இது கைனகோமாஸ்டியா, ஆண்களுக்கு மார்புச் சுரப்பி பெரிதாவது. பருவ வயதில் பாதிக்கு மேற்பட்ட பையன்களுக்கு ஓரளவு வரும், பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தானே அடங்கிவிடும். 19இலும் இருந்தால் இனிப் போவது அரிது, செய்துகொள்ளலாம். அதற்கு முன் காரணத்தைப் பார்க்க வேண்டும். ஜிம்மில் யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா என்று அதட்டாமல் கேளுங்கள். முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டரைடு, ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் காரணமாகலாம். தைராய்டு, கல்லீரல், ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகளோடு விதைப்பையையும் மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே உள்ள கட்டி மார்பில் வெளிப்படுவதுண்டு. கூச்சத்தில் இதைத் தவிர்த்துவிடாதீர்கள்.

காம்புக்கு நேர் பின்னால் ரப்பர் போலக் கெட்டியாக ஒரு தட்டு தட்டுப்பட்டால் அது சுரப்பி. சுற்றியுள்ள கொழுப்பைக் கேனுலா எடுக்கும், சுரப்பியை எடுக்காது. காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ்விளிம்பில் அரைவட்டமாகக் கீறி அதைத் தனியே வெட்டி எடுக்க வேண்டும். லிப்போசக்‌ஷன் மட்டும் செய்து அனுப்பிவிட்டால், ஆறு மாதம் கழித்துக் காம்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். மறுபடி செய்ய வருபவர்களில் இந்தக் கதைதான் அதிகம். முழுவதும் வழித்து எடுத்தாலோ கிண்ணம் போலக் குழி விழும். காம்புக்குப் பின்னால் மெல்லிய தட்டு ஒன்றை விட்டுவைப்பது அதனால்தான். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு வாங்கி அங்கேயும் ஒரு கருத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அழகுக்காகச் செய்துகொண்டு உயிரே போய்விட்டது என்று செய்தி வருகிறதே. எனக்கு 52 வயது. பிரஷர், சர்க்கரை மாத்திரையும் ஒரு லேகியமும் சாப்பிடுகிறேன்.
– வாசகி, மயிலாப்பூர்

2000இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், ஏறத்தாழ 5 லட்சம் லிப்போசக்‌ஷன்களில் 95 மரணங்கள். ஐயாயிரத்துக்கு ஒன்று. அளவு வரம்புகளைப் பலர் பொருட்படுத்தாத காலத்துக் கணக்கு அது. அந்த மரணங்களில் நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக, காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்ததால். குடலில் ஓட்டை, மயக்கக் கோளாறு, கிருமித்தொற்று, கொழுப்புத் துணுக்கு ரத்தத்தில் கலப்பது ஆகியவை மற்றக் காரணங்களில் சில.

ஏன் நேர்கிறது என்று பார்த்தால் சில பழக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே நாளில் அதிக இடம், அதிக நேரம். வயிறு வெட்டும் அறுவையோடு பெரிய அளவு லிப்போசக்‌ஷனையும் சேர்ப்பது. அப்புறம், ஏற்றிய மருந்து நீரில் பாதிக்கு மேல் உடம்பிலேயே தங்கி மெல்ல ரத்தத்துக்குள் வரும் என்பதை மறந்து டிரிப்ஸை வேறு தாராளமாக ஓட்டுவது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எத்தனை லிட்டர் உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது, சிறுநீர் எவ்வளவு என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் மயக்கவியல் நிபுணர். அறுவை செய்பவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்வார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் வயதில் ஈ.சி.ஜி., எக்கோ, ரத்த அணுக்கள், ரத்தம் உறையும் நேரம், சிறுநீரகம், கல்லீரல், எச்.பி.ஏ1சி எல்லாம் வேண்டும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 7 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு நாள் குறிக்கலாம். ஆஸ்பிரின் சாப்பிட்டால் அதை ஏழு முதல் பத்து நாள் முன்பு நிறுத்த நேரலாம். இதய மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தக் கூடாது. லேகியத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். படர்தாமரைக்கு இட்ராகோனசோல், சளிக்குக் கிளாரித்ரோமைசின் எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இவை கல்லீரல் லிடோகைனைச் சிதைக்கும் வேகத்தைக் குறைக்கக்கூடியவை. சென்னையில் படர்தாமரை மாத்திரையை மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கிச் சாப்பிடுவோர் அதிகம் என்பதால் இதைத் தனியே கேட்கிறோம். எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்கள் மயக்க மருத்துவரிடம் அதையும் சொல்ல வேண்டும். வெறும் வயிறு என்று நினைத்திருக்கும்போது உள்ளே சாப்பாடு தங்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பின் கவனிக்க வேண்டியவை: முதல் நாளில் காதில் ரீங்காரம், வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் உலோகச் சுவை இருந்தால் லிடோகைன் மிகுந்துவிட்டது, அடுத்தது வலிப்பாக இருக்கும். (இதற்கு மாற்று மருந்து 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு. கொழுப்பை எடுக்கப் போனவருக்குக் கொழுப்பையே ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டியிருக்கும். செய்துகொள்ளும் இடத்தில் அது கைவசம் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.) முதல் மூன்று நாளில் மூச்சுத்திணறலும் குழப்பமும் நெஞ்சில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளும் கொழுப்புத் துணுக்கின் அடையாளம். குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல் என்றால் குடலைச் சந்தேகிக்க வேண்டும். தோல் ஊதாவாகி, கொப்புளம் கட்டி, பார்ப்பதற்குத் தெரிவதைவிடப் பல மடங்கு வலித்தால் தசைவரை பரவும் கடுமையான தொற்று. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் நெஞ்சுவலி ஆகியவை மூன்று நான்கு வாரம் வரைகூட வரலாம். இவற்றில் எது வந்தாலும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

இந்த வெயிலில் பெல்ட்டை எத்தனை நாள் போட வேண்டும்? எப்போது ஆபீஸ் போகலாம், ஸ்கூட்டி ஓட்டலாம்?
– வாசகி, தாம்பரம்

அந்த இறுக்க உடையை மூன்று வாரம் இரவும் பகலும், அடுத்த மூன்று வாரம் பாதி நேரம் போட வேண்டும். கத்திரி வெயிலில் இது தண்டனைதான். முடிந்தால் கார்த்திகையிலிருந்து மாசிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செட் வாங்கினால் ஒன்றைத் துவைத்துக் காயப்போடலாம். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போடுங்கள். உடை சுருண்டு மடிப்பு விழுந்த இடத்தில் தோலிலும் நிரந்தரமாகக் கோடு பதியும். உட்காரும்போதெல்லாம் இழுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். தொடையிடுக்கில் அரிப்பு வந்தால் உடனே காட்டுங்கள், பூஞ்சைத் தொற்று இங்கே நொடியில் பிடிக்கும்.

முதல் இரண்டு நாள் துளைகளிலிருந்து ரோஜா நிறத்தில் நீர் வடியும். ரத்தம் அல்ல, ஏற்றிய நீர்தான். ரப்பர் ஷீட்டும் பழைய வேட்டியும் விரித்துப் படுங்கள். இரண்டு நாள் கழித்து முதல் குளியல். உடையைக் கழற்றியதும் தலை சுற்றி விழுபவர்கள் உண்டு. உட்கார்ந்து கழற்றுங்கள், குளியலறைக்கு வெளியே யாராவது நிற்கட்டும். வயிற்றில் செய்திருந்தால் கன்றிய நிறமும் வீக்கமும் கீழிறங்கி, பிறப்புறுப்பும் தொடையும் கறுத்து வீங்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஓரிரு வாரத்தில் போய்விடும். தோல் சில வாரம் மரத்துக் கிடக்கும். சூடு உறைக்காது என்பதால் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு வெந்துபோகாதீர்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிட ஆள் வைக்காதீர்கள். அங்கங்கே தட்டுப்படும் கட்டிகள் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தாமே இளகும். ஒரே இடம் தண்ணீர்ப் பை போலக் குலுங்கினால் அது செரோமா, ஊசியால் எடுக்க வேண்டும். அப்பளம், ஊறுகாய், கருவாட்டை ஒரு மாதம் மறந்தால் வீக்கம் சீக்கிரம் வடியும்.

அன்று மாலையே எழுந்து நடக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் முதல் மருந்து. மேஜை வேலைக்கு ஒரு வாரம். ஸ்கூட்டிக்கு இரண்டு வாரம், ஜி.எஸ்.டி. ரோட்டு வேகத்தடைகளை நினைத்தால் மூன்று என்றே சொல்லலாம். ஜிம்முக்கு நான்கு முதல் ஆறு வாரம். நம் தோல் நிறத்துக்குத் துளைத் தழும்பு சில மாதம் கறுத்தே இருக்கும்.

ஒரு கிளினிக்கில் பாதி விலைக்குப் பேக்கேஜ் சொல்கிறார்கள். இன்சூரன்ஸ் கிடைக்குமா?
– வாசகர், பள்ளிக்கரணை

கிடைக்காது. மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் 'எக்ஸ்க்ளூஷன்' பகுதியில் 08 என்ற எண்ணைப் பாருங்கள், அழகு சிகிச்சை அங்கே விலக்கப்பட்டிருக்கும். மற்ற மருத்துவச் சேவைக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்கு இல்லை. பேசிய தொகையில் அந்த வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பாதி விலையில் எதைக் குறைத்தார்கள் என்பதுதான் கேள்வி. மயக்கவியல் நிபுணரின் கட்டணமா, இரவுத் தங்கலா, ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய குழாய்களா? எழுத்தில் வாங்குங்கள். செய்பவர் எம்.சிஹெச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, அல்லது இதில் முறையாகப் பயிற்சி பெற்று மரப்பு நீரில் சிறிய அளவு மட்டும் செய்யும் தோல் மருத்துவரா என்று பாருங்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் தட்டினால் விவரம் வரும். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற பலகை அறுவைப் பட்டம் ஆகாது. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு கிளினிக்கல் எஸ்டாபிளிஷ்மென்ட்ஸ் சட்டப்படியான பதிவுச் சான்றிதழைச் சுவரில் தேடுங்கள்.

இரட்டைத் தாடைக்குக் கொழுப்பு கரைக்கும் ஊசி?
– வாசகி, தி.நகர்

டீஆக்ஸிகோலிக் அமிலம். பித்தநீரில் உள்ள பொருள்தான். அமெரிக்காவில் 2015இல் தாடைக்கொழுப்புக்கு மட்டும் அனுமதி பெற்றது. ஒரு மாத இடைவெளியில் பல தடவை போட வேண்டும், ஒவ்வொரு தடவையும் சில நாள் கழுத்து தவளை போல வீங்கும். நரம்பில் பட்டால் சிரிப்பு சில வாரம் கோணும். வயிற்றுக்குப் போடுகிறேன் என்றால் வேண்டாம்.

எடுத்த கொழுப்பு திரும்ப வருமா? எடுத்ததை என்ன செய்வார்கள்?
– வாசகர், ராயபுரம்

உறிஞ்சிய இடத்தில் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். ஆனால் மிச்சமுள்ள செல்கள் பருக்கத் தெரிந்தவை. சாப்பாடு பழையபடி என்றால் எடை கூடும். தொடையில் எடுத்தவருக்கு வயிற்றிலும் கையிலும் கூடுதலாகப் போய்ச் சேரும். சில ஆய்வுகளில் ஒரு வருடத்துக்குள்ளேயே இப்படி இடம் மாறி வந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

எடுத்ததில் கொஞ்சத்தைச் சுத்தம் செய்து, ஒட்டிய கன்னத்திலோ பழைய தழும்புப் பள்ளத்திலோ அதே ஆளுக்கு அதே நாளில் ஊசியால் நிரப்பலாம். ஒரு பங்கு கரைந்துபோகும், மீதி பிடித்துக்கொள்ளும். நிரப்ப எதுவும் இல்லாவிட்டால் மொத்தமும் மஞ்சள் பையில் போய், மருத்துவக் கழிவோடு எரியூட்டப்படும்.